என் ஏசி கொட்டும் சூடு யார் தலையில்?

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குச் சேலம் பக்கம். குடியிருப்பது டெல்லி திரிலோக்புரி; மயூர் விஹாரில் எங்கள் கட்டடத்தில் மட்டும் நாலு வீடு பார்க்கிறார். போன ஜூனில் துணி காயப்போடப் பால்கனிக்குப் போனவர் அதே வேகத்தில் உள்ளே வந்துவிட்டார். "என்ன கண்ணு, உள்ள ஊட்டி மாதிரி இருக்கு, வெளிய அடுப்பு மாதிரி அடிக்குது?" அங்கேதான் ஏசியின் வெளி யூனிட் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது; தான் தின்ற கரண்டும் சூடாகி அதோடு சேர்ந்து வெளியே போகிறது. தெருவில் இப்படி நூறு ஏசி ஓடினால் ஏசி இல்லாத வீட்டின் ஜன்னல் வழியே போவது இந்தக் காற்றுதான். 2024 ஜூன் 19 அன்று டெல்லியின் மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு முன் அப்படி ஏறியதே இல்லை. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. வெயிலுக்குப் பயந்து நாம் எரிக்கும் கரி அடுத்த வருட வெயிலுக்கு விறகாகிறது. ஏசிக்குள் ஓடும் குளிரூட்டும் வாயு வேறு இருக்கிறது. புது ஏசிகளில் வரும் ஆர்-32 ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டில் பூமியைச் சூடாக்கும் கணக்கில் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பழைய ஏசிகளின் ஆர்-22 வாயு அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் மோசம்.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. சூரிய மின்தகடு இவ்வளவு மலிவானதை எங்கள் தலைமுறையின் பெரிய நல்ல செய்தியாகவே நினைக்கிறேன். ஆனால் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் இயந்திரம் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று நண்பர்கள் எழுதும்போது வயிறு எரிகிறது. ஐஸ்லாந்தில் 2021-ல் தொடங்கிய ஓர்கா ஆலை வருடத்துக்கு 4,000 டன் பிடிப்பதற்காகக் கட்டப்பட்டது. உலகம் எரிபொருளால் வெளியிடுவதோ வருடத்துக்கு 3,700 கோடி டன் அளவில். ஆராய்ச்சி நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நம்பி இன்றைய வேலையைத் தள்ளிப்போடுவதுதான் தப்பு.

இன்றைய வேலை எது என்று அக்காவின் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. மொட்டை மாடிக்குக் கீழே ஒரே அறை. பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் ராத்திரி இரண்டு மணி வரை சூட்டை இறக்குகிறது. பிள்ளைகள் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். கூரைக்கு வெள்ளை அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அறைச் சூடு சில டிகிரி இறங்கும். நம் ஊரில் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெலங்கானா 2023-ல் இதற்கென்று குளிர்கூரைக் கொள்கையே கொண்டுவந்தது. அப்புறம் மின்விசிறி: பழையது 75 வாட் இழுக்கும், குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் வைத்த புது விசிறிக்கு 30 வாட் போதும்.

"வெள்ளை அடிச்சா வாடகைய ஏத்திருவாரு கண்ணு" என்றார் அக்கா. கூரை வீட்டுக்காரருடையது, சூடு மட்டும் இவர்களுடையது. எந்த ஆய்வகமும் இந்த முடிச்சை அவிழ்த்துத் தராது. வாடகைதாரர் கேட்டால் கூரைக்கு வெள்ளை அடிக்க வேண்டும், அதைக் காட்டி வாடகையை ஏற்றக் கூடாது என்று அரசு விதி போட வேண்டும். செலவில் பாதியை ஏற்க வேண்டும். அதுவரை சும்மா இருக்க முடியாது. எங்கள் கட்டடத்தில் ஏசி வைத்திருக்கும் வீடுகளிடம் சுண்ணாம்புக்குப் பணம் கேட்டிருக்கிறேன், ஆறு வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் பேச அக்காவோடு நானும் போகிறேன்.