தொப்பி குடுத்தாச்சு, மாறியாச்சா?

எங்க முதலமடை (கேரளா, பாலக்காடு ஜில்லா) மா விவசாயிங்களுக்கு நடந்த வகுப்போட வீடியோவ இதுவரைக்கும் பதினோரு பேர் அனுப்பிட்டீங்க. போதும், பார்த்துட்டேன். "முதலமடை மா விவசாயிங்க காலநிலைக்கேத்த மாதிரி மாற மாட்டேங்கறாங்க, மனநிலைதான் பிரச்சினை"ன்னு மேடைல பேசறவர் சொல்றப்ப முன்வரிசைல வெள்ளைத் தொப்பி போட்டுத் தலையாட்டறது எங்கய்யன்தான். வகுப்புக்கு வந்தவங்களுக்கெல்லாம் தொப்பி குடுத்தாங்களாம். மலையாளத்துல பேசினதுல அய்யனுக்குப் பாதிதான் புரிஞ்சுது. தலையாட்டினது மரியாதைக்கு.

எங்க ஊர்ப் பொழப்பே முந்தறதுல இருக்கு. கார்த்திகை, மார்கழில பூத்து தை, மாசில காய் இறங்கணும். அல்போன்சா, செந்தூரம், பங்கனபள்ளி எல்லாம் டெல்லி வரைக்கும் போறது வேற எங்கயும் காய் இல்லாத அந்தக் கொஞ்ச நாள நம்பித்தான். பூ ஒரு மாசம் தள்ளினா ஆந்திராக் காயும் ரத்னகிரிக் காயும் வந்து நிக்கும். அப்பறம் நம்மள யாரு கேக்கறா? பூக்க வறண்ட பனி வேணும். இப்ப மார்கழில மழை கொட்டுது.

மூணு வருசம் முன்னாடி அப்படி ஒரு ராத்திரி. விடியறதுக்குள்ள அய்யன் டார்ச் எடுத்துட்டுத் தோப்புக்குப் போனாரு, நானும் பின்னாடியே போனேன். ஒரு பூங்கொத்த ரெண்டு விரல்ல தேச்சாரு. பூ கருகி, கரி மாதிரி விரல்ல ஒட்டிச்சு. வேட்டில தொடச்சுட்டு, "மழை வந்ததுக்கு அழுவறவன் நான் ஒருத்தன்தான் கண்ணு"ன்னாரு.

அந்தத் தோப்புல இருக்கற அறுபது மரமும் எங்களுது இல்ல. குத்தகை. இங்க பாதிப் பேரு அப்படித்தான். நிவாரணத்துக்குப் போனா நிலக் கரம் (வரி) கட்டின ரசீது கேட்டாங்க. ரசீது கோயமுத்தூர்ல இருக்கற தோட்டக்காரர், அதாவது நிலத்துச் சொந்தக்காரர் பேர்ல. 1963 நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்ததுக்கப்பறம் கேரளாவுல புதுசா குத்தகை எழுத முடியாது, எல்லாம் வாய்ப்பேச்சு. சட்டத்தத் திட்டல, அன்னைக்கு உழுதவனுக்கு நிலம் வாங்கிக் குடுத்ததும் அதேதான். ஆனா இன்னைக்கு மருந்துச் செலவு, கூலி, நஷ்டம் மூணும் யாருதோ, அவன் பேரு ஒரு பேப்பர்லயும் இல்ல. தோட்டக்காரர் நல்ல மனுசன், வாங்கின குத்தகைப் பணத்துல பாதியத் திருப்பிக் குடுத்தாரு. அது அவர் குணம். அதத் திட்டம்னு சொல்ல முடியாதுங்க.

இதுல மனநிலை எங்க வந்துச்சு?

"வேற பயிர் போடுங்க"ன்னு ஒரு அண்ணன் கமெண்ட்ல சொல்றாரு. அண்ணா, இது தக்காளி இல்ல, மரம். அதுவும் அடுத்தவன் மரம். அடுத்தவன் மரத்த வெட்டிட்டு என்ன நடறது?

"வானிலைக் காப்பீடு இருக்கே"ன்னு இன்னொருத்தர். அது எங்கயோ நட்டு வெச்ச மழைமானி சொல்ற கணக்குக்குப் பணம் தரும், என் மரத்தப் பார்த்துத் தராது. எங்க ஊர்லயே தென்மலை அடிவாரத்துல கொட்டற மழை கோவிந்தாபுரத்துல தூறக்கூட தூறாது.

"விஷம் அடிச்சவங்கதானே நீங்க"ங்கறது மட்டும் வலிக்குது. சரி, அடிச்சோம். என்டோசல்ஃபான்ங்கற பூச்சிமருந்த 2011ல உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க நிறுத்துச்சு, நிறுத்த வேண்டியதுதான். இப்பவும் அடிக்கறோம், அளவுக்கு மீறியும் அடிக்கறோம், மறைக்கல. முன்ன ஒரு தடவ பூத்த மரம் இப்ப ரெண்டு மூணு தடவையா விட்டு விட்டுப் பூக்குது. ஒவ்வொரு பூவுக்கும் இலைப்பேன்ங்கற பூச்சி வருது. எப்ப, எத, எவ்வளவு அடிக்கறதுன்னு தோப்புக்குள்ள வந்து சொல்ல ஒருத்தர அனுப்புங்க. கடைக்காரர்தான் இன்னைக்கு எங்களுக்கு விஞ்ஞானி.

"நஷ்டம்னா ஏன் குத்தகை எடுக்கறீங்க?" இதுக்கு பதில் சொல்லப் போறதில்ல.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். மாறணும்னு மேடைல சொல்றவங்க, ரசீதுக்குப் பதிலா தோப்புல நிக்கற ஆளப் பார்த்து உதவி குடுக்கற மாதிரி ஒரு ஃபாரத்த மாத்த முடியாதா? அப்படியே அந்த ஃபாரத்தத் தமிழ்லயும் அடிங்க. பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூல் விட்டு வந்து படிச்சுச் சொல்ற வரைக்கும் எங்கய்யன் அதக் கைல வெச்சுட்டுத் திண்ணைல உக்காந்திருந்தாரு. எழுபது வயசு அவருக்கு.

நேத்து புதுக் குத்தகைக்கு மரம் எண்ணப் போனாரு. வெயிலு. அந்தத் தொப்பியத்தான் போட்டுட்டுப் போனாரு.