தரமாம், தரம்!

வெப் சீரிஸ் சீசன் சின்னதா, லேட்டா வர்றதுதான் தரம்னு ஒருத்தர் நேத்துப் போட்ட பதிவை எல்லாரும் பாத்திருப்பீங்க, திரும்ப லிங்க் குடுத்து அவருக்கு ரீச் ஏத்திவிட எனக்கு மனசில்ல. எட்டு எபிசோடுக்கு மூணு வருஷம் பொறுமையா இருக்க முடியாதவங்க எல்லாம் மெகா சீரியல் மூளைக்காரங்களாம். அதுக்குக் கீழ நம்ம லிஸ்ட்ல இருக்கிற பத்துப் பன்னெண்டு பேர் ஹார்ட்டின் விட்ருக்கீங்க. பரவால்ல, யார் யார்னு பாத்துக்கிட்டேன்.

நான் சொன்னது ஒரே விஷயம். சீசனை சின்னதாக்குங்க, லேட்டாக்குங்க, உங்க காசு உங்க இஷ்டம். அதுக்கு 'தரம்'னு மட்டும் பேர் வைக்காதீங்க. அது கணக்கு. காசுக் கணக்கு, கால்ஷீட் கணக்கு.

அமெரிக்க டிவில ஃப்ரெண்ட்ஸ் சீரிஸ் 1994லேர்ந்து 2004 வரைக்கும் பத்து சீசன், 236 எபிசோட். லாஸ்ட்னு இன்னொரு சீரிஸ், முதல் சீசன் மட்டுமே 25. அமெரிக்க சேனல்காரனுக்கு செப்டம்பர்லேர்ந்து மே வரைக்கும் வாராவாரம் விளம்பரம் போட இடம் வேணும், நூறு எபிசோட் கிட்ட சேந்தாத்தான் மறு ஒளிபரப்புக்கு வித்து நல்லா காசு பாக்க முடியும், அதனால 22, 24ன்னு எடுத்துத் தள்ளினான். அதுவும் கலைத்தாகம் இல்லங்க, வியாபாரம்தான். ஓடிடிக்கு அந்த ஸ்லாட்டும் கிடையாது, அந்த நூறும் தேவையில்ல. புது ஆள் சந்தா கட்டணும், கட்டினவன் ஓடிடக்கூடாது, அவ்ளோதான், அதுக்கு எட்டு போதும். அப்பல்லாம் ஒரு பக்கம் எழுதிட்டே இருப்பாங்க, ஒரு பக்கம் ஷூட்டிங், ஒரு பக்கம் டெலிகாஸ்ட். இப்ப மொத்தத்தையும் எழுதி, பெரிய படம் மாதிரி மொத்தமா ஷூட் பண்ணி, மொத்தத்துக்கும் கிராபிக்ஸ் போட்டு, பல மொழில டப் பண்ணி விடணும். அடுத்த சீசனுக்கு ஓகே சொல்றதே பல தடவை முதல் சீசன் எப்படி ஓடுதுன்னு பாத்த பிறகுதான், அதுக்குள்ள நடிகருங்க சினிமாவுக்கு கால்ஷீட் குடுத்துட்டுப் போயிருப்பாங்க. இதுல தரம் எங்க வந்துச்சு?

"அக்கா, கிராபிக்ஸுக்கு டைம் ஆகும்"னு வருவீங்க. சரிப்பா ஆகட்டும். செவரன்ஸ்னு ஒரு ஆபீஸ் கதை சீரிஸ், முதல் சீசன் 2022 ஏப்ரல்ல முடிஞ்சுது, அடுத்தது 2025 ஜனவரி. அதுல என்ன டிராகனா பறக்குது, வெள்ளைக் காரிடார்ல நாலு பேர் நடக்குறாங்க. 2023ல ஹாலிவுட்ல ஸ்ட்ரைக் நடந்துச்சு, தெரியும், எழுத்தாளருங்க மட்டும் 148 நாள். ஆனா அவங்க எதுக்கு உக்காந்தாங்கன்னும் கொஞ்சம் படிங்க. சீசன் சுருங்கினதுல அவங்களுக்கு வேலை வாரக்கணக்கும் சுருங்கிப் போச்சு, அதுவும் ஒரு காரணம். நீங்க தரம்னு கொண்டாடுறதுல எழுதுறவன் சம்பளமும் அடங்கியிருக்கு சார்.

தி பிட்ங்கிற அமெரிக்க சீரிஸைப் பாருங்க. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே எமர்ஜென்சி வார்டு, 15 எபிசோட். 2025 ஜனவரில வந்துச்சு, அடுத்த சீசன் 2026 ஜனவரில டாண்ணு வந்துச்சு. நடுவுல சிறந்த டிராமாவுக்கு எம்மி, அதான் அமெரிக்க டிவி விருது, அதுவும் வாங்கியாச்சு. மூணு வருஷம் ஊறப் போட்டாத்தான் தரம் வரும்னா இது என்ன, அவசர உப்புமாவா?

"பிரிட்டிஷ் காமெடி ஃபால்ட்டி டவர்ஸ் மொத்தமே 12 எபிசோட்தானே, 1975ல ஆறு, 1979ல ஆறு"ன்னு ஒரு அறிவாளி வருவார். ஆமா, ஒத்துக்கிறேன். ஆனா அது எபிசோடுக்கு ஒரு கதை. நாலு வருஷம் கழிச்சு பாத்தாலும் சிரிப்பு வரும், போன தடவை யார் செத்தான்னு யூடியூப்ல ரீகேப் தேட வேணாம்.

"22 எபிசோட் எடுத்தா வேலை செய்றவங்க உடம்பு என்னாகும்?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அடுத்தது.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னு கேட்டீங்கன்னா, 2016ல நெட்ஃப்ளிக்ஸ்ல ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்ங்கிற திகில் சீரிஸ் வந்தப்ப எங்க பாப்பாவுக்கு 12 வயசு. கிட்டத்தட்ட அதுல வர்ற பசங்க வயசு. அதுல வர்ற மாதிரியே பீரோ பக்கத்துச் சுவத்துல ஏ-லேர்ந்து இஸட் வரைக்கும் ஸ்கெட்ச்சால எழுதி, கொலுவுக்கு வாங்கின சீரியல் லைட்டை மேல தொங்கவிட்டு, அதைப் போட்டுப் போட்டு அணைச்சு எங்க மாமியாரைப் பேயடிச்ச மாதிரி ஆக்கிட்டா. ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சாச்சு, அந்த இடத்துல மட்டும் கை வைக்க விடல. மூணாவது சீசன் வரும்போது பத்தாவது. நாலாவதுக்கு ப்ளஸ் டூ முடிச்சிருந்தா. கடைசி சீசன் வரும்போது பெங்களூர்ல பிஜில இருக்கா, வேலைக்குப் போறா. கதைல 83லேர்ந்து 87, நாலே வருஷம். எங்க வீட்ல ஒம்போது வருஷம் ஓடிப் போச்சு, 42 எபிசோடுக்கு. அதுல லெவனா நடிச்ச பொண்ணுக்கே 2024ல கல்யாணம் முடிஞ்சுது.

கடைசி எபிசோட் நமக்கு ஜனவரி 1 காலைல ஆறரைக்கு வந்துச்சு. ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டே ஒண்ணா பாக்கிறதா பிளான். நான் காபி போட்டு வச்சு உக்காந்திருக்கேன், அவளுக்கு அன்னிக்கு ஷிப்ட் மாத்திட்டாங்க. "நீ பாத்துரும்மா, நான் அப்புறம் பாத்துக்கிறேன்"னா. அவ்ளோ சாதாரணமா சொன்னா. நான் பாக்கல. ஸ்பாய்லர் எல்லாம் உங்க புண்ணியத்துல தெரியும், இருந்தாலும் இன்னும் பாக்கல.

இதுக்குப் பேரு பொறுமை இல்லாததாம். மெகா சீரியல் மூளையாம். எங்கம்மா பாக்குறாங்க சார் மெகா சீரியல், திங்கள்லேர்ந்து சனி வரைக்கும், ஹீரோயினை நடுவுல மாத்தினாக்கூட "இவருக்குப் பதில் இவர்"னு போட்டுட்டு அடுத்த சீனுக்குப் போயிடுவான். சிரிச்சிருக்கேன் நானும், நிறைய. ஆனா அப்பா இறந்த அந்த வருஷம் பூரா அம்மாவுக்கு ராத்திரி எட்டு மணின்னா யாரோ வீட்டுக்கு வர்ற மாதிரி இருந்துச்சு. அதை மூளையோட அளவுன்னு எழுதுறதுக்கு முன்னாடி அந்தப் பதிவு போட்டவர் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.

கமென்ட்ல தி ஒயர்ங்கிற அமெரிக்க போலீஸ் சீரிஸ் பத்தி யாரும் கிளாஸ் எடுக்க வேணாம், அதையும் பாத்தாச்சு. எட்டாகப் போகுது, அம்மா கூப்பிடுறாங்க.