லிங்க் மட்டும் போதாது
வந்தாறுமூலைப் பக்கம் ஆய்வுக் கட்டுரை எழுதும் பிள்ளைகளின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "இணையத்தில் எடுத்ததென்றால் உசாத்துணைப் பட்டியலில் லிங்கும் பார்த்த திகதியும் போதும்." இது பிழை. ஏபிஏ (APA) என்னும் உசாத்துணை எழுதும் முறையின் 7ஆம் பதிப்பின்படி எழுதியவர், ஆண்டு, தலைப்பு, தளத்தின் பெயர், அப்புறம்தான் லிங்க். பார்த்த திகதி, அடிக்கடி மாறும் பக்கங்களுக்கு மட்டுமே. ஹார்வர்ட் என்னும் இன்னொரு முறையில் அந்தத் திகதியை வழக்கமாகக் கேட்பார்கள்.

'நூலகம்' என்ற இணைய நூலகத் தளத்தில் மட்டக்களப்பு பற்றிய பழைய புத்தகமொன்றின் ஸ்கேனை வாசித்தீர்களா? அதை எழுதியது நூலகம் அல்ல. முதல் பக்கங்களைத் திறந்து ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு மூன்றையும் பாருங்கள். ஆண்டு என்பது புத்தகம் வெளிவந்த ஆண்டு, தளத்தில் ஏற்றிய ஆண்டு இல்லை. பாடுபட்டு எழுதிய நம்மூர்க்காரரின் பெயரே விடுபட்டுப்போவது பெரிய அநியாயம்.

விக்கிப்பீடியா என்றால், பக்கத்தின் பழைய பதிப்புகளைக் காட்டும் 'வரலாறு' பகுதியில் நீங்கள் வாசித்த பதிப்பின் லிங்கை எடுங்கள்.