தோத்தாபுரியும் கிளிமூக்கும் வேறு வேறு இல்லை

“தோத்தாபுரி வடநாட்டு மரபணு மாற்ற மாங்காய். வாங்காதீர்கள், நம்ம ஊர் கிளிமூக்கை மட்டும் வாங்குங்கள்” என்று கிருஷ்ணகிரி, தருமபுரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

இரண்டும் ஒரே ரகம்தான். நுனி கிளியின் அலகு போல வளைந்திருப்பதால் நம்மிடம் கிளிமூக்கு, கன்னடத்தில் கிணிமூத்தி. இந்தியில் தோத்தா என்றாலும் கிளிதான். தெலுங்கில் மட்டும் ஏனோ கலெக்டர்! மண்டியில் பெங்களூரா என்பார்கள். மாங்கூழ் ஆலைகளுக்குப் போவதும், உப்பு மிளகாய்த்தூள் தூவிக் கீற்றாக விற்பதும் இதுதான்.

மரபணு மாற்றமா? இந்தியாவில் வணிகரீதியாகப் பயிராகும் மரபணு மாற்றப் பயிர் பி.டி. (Bt) பருத்தி மட்டுமே. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மா ரகப் பட்டியலில் பெங்களூரா என்று தேடுங்கள், அல்லது வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். விற்பனை நேரத்தில் இப்படி வதந்தி பரவினால் விவசாயிக்குத்தான் அடி. தயவுசெய்து இனி பகிர வேண்டாம்.