ஞானப்பல் பிடுங்கிய அன்றே உப்புத்தண்ணி கொப்புளிக்கலாமா?

"ஞானப்பல் பிடுங்கி வீட்டுக்கு வந்ததும் மணிக்கொருதரம் சுடச்சுட உப்புத்தண்ணி கொப்புளியுங்கோ, கெட்ட இரத்தம் முழுக்க வெளியேறும்" என்றொரு குரல்பதிவு யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது.

தவறு. முதல் 24 மணி நேரம் கொப்புளிக்கவே கூடாது. கெட்ட இரத்தம் என்று அங்கே ஒன்றும் இல்லை. குழியில் உறைகிற இரத்தம்தான் எலும்பையும் நரம்பையும் மூடிக் காக்கிறது. அது கழன்றால் இரண்டு மூன்று நாளில் காதுவரை இழுக்கும் வலி வரும். பல் வைத்தியர்கள் ட்ரை சொக்கட் என்பது இதைத்தான். பனடோலுக்கும் லேசில் அடங்காது. பலமாகத் துப்புவது, ஸ்ட்ரோ போட்டு இளநீர் உறிஞ்சுவது, சுருட்டு, சிகரெட் எல்லாம் கொப்புளிப்பதைப் போலவே அந்த உறைந்த இரத்தத்தைக் கழற்றிவிடலாம்.

உப்புத்தண்ணியில் பிழையில்லை, நேரம்தான் பிழை. மறுநாளிலிருந்து, இளஞ்சூட்டில், ஒரு கிளாஸுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு, சாப்பிட்டபின் மெதுவாகக் கொப்புளிக்கலாம்.

சாப்பாட்டுக்கு ஆறிய கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம் போதும். கொதிக்கக் கொதிக்க ஒடியல் கூழ்? ஆசை விடாதுதான், ஆனால் உறைப்பும் மீன்முள்ளும் ஒரு கிழமை பொறுக்கட்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ, பிடுங்கிய வைத்தியரிடமே திரும்பப் போங்கள்.