பாதை முடிந்த இடத்தில்தான் என் மகள் விழுந்தாள்

மரம் ஏற்றிய லாரி ஒன்று தாண்டிப் போகும்போது என் மகள் சைக்கிளிலிருந்து விழுந்ததைப் பற்றித் திங்கட்கிழமை நான் பகிர்ந்த காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் கன்றிப்போன காயம், அவ்வளவுதான். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரித்த அனைவருக்கும் நன்றி. ஆனால் அதற்குக் கீழே வந்த கருத்துகளைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 'பதினொரு வயதுக் குழந்தையை லாரி போகிற சாலையில் சைக்கிள் ஓட்ட விடுகிறவள் எல்லாம் ஒரு தாயா?' என்று கேட்டிருக்கிறார்கள். அந்தச் சாலையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. வாகனங்கள் வராத பாதை என்று பலகை வைத்து எங்களை அழைத்துப் போன பாதை, பதினெட்டாவது கிலோமீட்டரில் பூட்டிய வேலிக்கதவு ஒன்றின் முன்னால் முடிந்துபோய், எங்களை அந்தச் சாலையில் இறக்கிவிட்டது. மூன்று கிலோமீட்டர் தள்ளி அதே பாதை மறுபடியும் தொடங்குகிறது. அந்த மூன்று கிலோமீட்டரில்தான் அவள் விழுந்தாள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நடுவில் அறுந்துபோன பாதை, வாகனமற்ற பாதை ஆகாது. கிணற்றில் முக்கால்வாசி ஆழம் வரை எட்டும் கயிற்றை வைத்துக்கொண்டு யாரும் தண்ணீர் இறைக்க முடியாது. முக்கால்வாசி எட்டுகிறதே என்று அந்தக் கயிற்றைப் பாராட்டவும் முடியாது. பிரிட்டனில், வேல்ஸின் மலைப்பகுதியில் பதினான்கு ஆண்டுகளாக வாழ்கிறேன். இங்கே ஒருவழிக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள நெடுஞ்சாலைகளில் மணிக்கு 60 மைல் வேகம், அதாவது கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர் வேகம், சட்டப்படியே அனுமதிக்கப்பட்டது. சைக்கிளைத் தாண்டிப் போகும் வண்டி குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும், வேகம் கூடக்கூட இன்னும் விலகிப் போக வேண்டும் என்றும் 2022இல் திருத்தப்பட்ட சாலை விதிகள் சொல்கின்றன. ஒரு பக்கம் கல்சுவரும் மறுபக்கம் ஓடையுமாக வளைந்து போகும் சாலையில், மரம் ஏற்றிய லாரிக்கு அந்த 1.5 மீட்டர் எங்கிருந்து கிடைக்கும்? அந்த ஓட்டுநர் மீதுகூட எனக்குக் கோபம் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தபோது அவருடைய கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

பாதை முழுமையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். போன கோடையில் திருநெல்வேலியிலிருந்து மாமனார் வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, சைக்கிளைத் தொட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. டொல்கெத்லாயிலிருந்து பார்மத் வரை போகும் மௌதாக் பாதைக்கு அவரை அழைத்துப் போனேன். ஏறத்தாழ 15 கிலோமீட்டர், பழைய ரயில் தடத்தின் மேலேயே போகிறது. நீராவி ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால், சுற்றிலும் மலைகள் எழுந்து நின்றாலும் பாதை மட்டும் முகத்துவாரத்தின் ஓரமாகச் சமதளமாகவே செல்கிறது. பென்மைன்பூலில் மரப்பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டோம். நீர் வடிந்த சேற்றில் நீண்டு வளைந்த அலகோடு பறவைகள் குத்திக்கொண்டிருந்ததை அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார். கடைசியில் பார்மத் பாலம் வந்தது. 1867இல் திறந்த மரப்பாலம், சுமார் 820 மீட்டர் நீளம்; ஒரு பக்கம் இன்றும் ரயில் ஓடுகிறது, மறுபக்கம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும். சக்கரத்துக்கு அடியில் பலகைகள் தடதடவென்று அதிர, பலகை இடுக்குகளின் வழியே கீழே கடல்நீர் ஏறுவது தெரிய, இடப்பக்கம் கடலும் வலப்பக்கம் மலையுமாக மாமனார் எனக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போனார். பாதிப் பாலத்தில் நிறுத்தி, 'ஏம்மா, ஒரு வண்டிச் சத்தம்கூடக் கேட்கலையே' என்றார். அன்று முழுவதும் அவர் முழங்காலைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த 15 கிலோமீட்டர் தப்பியதே பெரிய காரியம் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அது ருவாபனிலிருந்து பார்மத் வரை போன ரயில் தடத்தின் கடைசித் துண்டு. லாபம் தராத ரயில் தடங்களை மூடச் சொல்லி 1963இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து நாடெங்கும் தடங்கள் மூடப்பட்ட காலத்தில், 1965 ஜனவரியில் இதுவும் மூடப்பட்டது. அந்தத் தடம் முழுவதையும் ஒரே சொத்தாக வைத்திருந்தால், இன்று மலைகளின் நடுவே நாள்கணக்கில் ஓட்டிப்போகும் ஒரே பாதையாக அது இருந்திருக்கும். மாறாக, அது துண்டு துண்டாகப் பிரிந்துபோனது. டொல்கெத்லாய் ரயில் நிலையம் இருந்த இடத்தின் மேல் இன்று புறவழிச்சாலை போகிறது. பாலா ஏரிக்கரையில் ஒரு துண்டு, 1972 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கான குட்டி ரயிலின் தடமாக இருக்கிறது. வேறு சில துண்டுகள் மேய்ச்சல் நிலத்தில் கரைந்துவிட்டன. அபெரிஸ்ட்வித்திலிருந்து தெற்கே போன தடத்துக்கும் இதே கதிதான். இன்று அதன் வழியே போகும் சைக்கிள் பாதை, கொஞ்ச தூரம் பழைய தடத்திலும் கொஞ்ச தூரம் ஊர்ச்சாலைகளிலுமாக மாறி மாறிப் போகிறது. நாங்கள் போன பாதையின் மூன்று கிலோமீட்டர் இடைவெளியும் இப்படி வந்ததுதான். அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் எடுத்த ஒரு முடிவின் மேல் என் மகள் போய் விழுந்திருக்கிறாள்.

'நெடுஞ்சாலை வேண்டாமென்றால் மலைமேல் போகும் சின்னச் சாலையில் போயிருக்கலாமே' என்கிறார், வாரம் 200 கிலோமீட்டர் ஓட்டும் ஒரு நண்பர். அவர் போகலாம். அந்தச் சாலைகள் சில இடங்களில் ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகின்றன. பின்னால் இரண்டு பைகள், கூடாரம், அடுப்பு, முன்னால் ஒரு குழந்தை என்று போகிறவளுக்கு அது ஏற்றம் அல்ல, தண்டனை. 'பயப்படுகிறவர்கள் எதற்குச் சைக்கிள் எடுக்க வேண்டும்' என்றும் அவரே எழுதியிருக்கிறார். பயப்படுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பாதைகள் இருக்கின்றன, ஐயா. முதியவர்கள், குழந்தைகள், கையால் சுழற்றும் சைக்கிளில் வருகிறவர்கள், முதல் முறை மலையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பயத்தோடுதான் வருகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். தேசிய சைக்கிள் பாதைக் கட்டமைப்பைப் பராமரித்த சஸ்டிரான்ஸ் அறக்கட்டளையே, 2020இல் அதில் ஏறக்குறைய கால்பங்கை, பாதுகாப்பு போதாது என்று நீக்கியது அல்லது வகை மாற்றியது. அவர்களையும் கோழைகள் என்று சொல்வீர்களா?

தங்கள் நிலத்தின் வழியே பாதை வரக் கூடாது என்னும் விவசாயிகளின் எதிர்ப்பை மட்டும் என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பண்ணையில் முந்நூறு ஆடுகள் இருக்கின்றன. சினையாடுகளை நாய் துரத்தினால் குட்டி கலைந்துவிடும் என்று அந்தப் பண்ணைக்கார அம்மா என்னிடம் சொன்னபோது, அவர் கண்ணில் தெரிந்தது பணக் கவலை மட்டும் அல்ல. பாதை வந்தால் நாய்களும் வரும். எல்லோரும் கயிறு கட்டிக் கூட்டி வர மாட்டார்கள். இரண்டு பக்கமும் நல்ல வேலி, ஆடுகள் கடக்கத் தனிவழி, நிலத்துக்கு நியாயமான விலை, இவை இல்லாமல் பாதை கேட்பது அநியாயம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இவற்றைப் பேசித் தீர்க்க வேண்டியவர்கள் பல ஆண்டுகளாக ஒரு கூட்டம்கூட நடத்தாமல், கதவைப் பூட்டிவிட்டு, 'மாற்று வழி: நெடுஞ்சாலை' என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு அடித்து வைத்திருக்கிறார்களே, அது எந்த விவசாயியைக் காப்பாற்றுகிறது?

இத்தனை குறைவான மக்கள் வாழும் இடத்தில் எதற்குச் செலவு என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நடப்பதற்கும் சைக்கிளுக்கும் வழி அமைக்க வேல்ஸில் 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதன் கடமைகள் பெரும்பாலும் 2,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களைச் சுற்றியே வகுக்கப்பட்டன. இரண்டு சின்ன ஊர்களுக்கு இடைப்பட்ட தூரம் யாருடைய பொறுப்பும் இல்லாமல் போனது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து இத்தாலியின் கிராடோ வரை ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் சைக்கிள் பாதை 400 கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் டௌவர்ன் மலை குறுக்கே வரும் இடத்தில் சைக்கிளை ரயிலில் ஏற்றி, எட்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கத்தைக் கடக்க வைக்கிறார்கள். ஒரு மலையே குறுக்கே நின்றபோது அங்கே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இங்கே குறுக்கே நிற்பது ஒரு வேலிக்கதவு.

இன்னொரு கருத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. 'பிழைக்க வந்த நாட்டில் இருப்பதை வைத்துச் சந்தோஷப்படக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று எழுதியவர் நம்மவர்தான், தமிழில்தான் எழுதியிருக்கிறார். இந்த மலைகளிலிருந்து வந்த எத்தனையோ பேருக்கு இரவுப் பணியில் கட்டுப் போட்டிருக்கிறேன். சாலையில் அடிபட்டு வந்தவர்களும் அதில் உண்டு. அவர்களில் யாரையும் நீங்கள் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு நான் மருந்து வைக்கவில்லை. என் மகள் இங்கே பிறந்தவள், பள்ளியில் வெல்ஷ் மொழியில் கவிதை ஒப்பிக்கிறவள். அவள் ஊர்ப் பாதையைப் பற்றி அவளுடைய அம்மா பேசக் கூடாது என்றால், வேறு யார் பேசலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நேற்று இரவு கட்டைப் பிரித்து மருந்து தடவும்போது, 'அம்மா, தாத்தா போன பாலத்துக்கே போவோமா, அங்கே லாரி வராதுல்ல?' என்று கேட்டாள். சனிக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு சைக்கிள்களையும் காரின் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் விழுந்த அதே சாலை வழியாக ஒரு மணி நேரம் ஓட்டித்தான் அந்தப் பாதைக்குப் போய்ச் சேர வேண்டும்.