அடுப்பை அணைச்சிட்டேனே!

செவ்வாய்க்கிழமை எங்கள் கலிபோர்னியா ஊரின் நகர மன்றக் கூட்டத்தில் நம்மவர் ஒருவர் மைக் பிடித்துப் பேசிய வீடியோவை இதுவரை ஆறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழாவதாக அனுப்ப நினைப்பவர் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும். பார்த்துவிட்டேன். "911-ஐக் கூப்பிட்டவர் காசு கட்டட்டும், கூப்பிடாத நான் ஏன் கட்டணும்?" (911 இங்கே அவசர உதவிக்கு அழைக்கிற எண்.) அதற்குக் கைதட்டல் வேறு. தட்டியவர்களில் இரண்டு பேர் போன பொங்கலுக்கு என் வீட்டில் சாப்பிட்டவர்கள். சரி, விடுங்கள்.

ஆம்புலன்ஸுக்குத் தனி பில் உண்டு. செவ்வாய்க்கிழமை பேசியது அதைப் பற்றி இல்லை. ஆம்புலன்ஸுக்கு முன்னால் வந்து நிற்கிற சிவப்புத் தீயணைப்பு வண்டிக்கான கட்டணம் பற்றி. வாசல் வரை வந்து, ஆளைப் பார்த்து, முதலுதவி செய்துவிட்டுப் போனால் பில். ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை என்றாலும் பில்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், வாங்கியிருக்கிறேன்.

அக்டோபரில் கந்த சஷ்டி. பாளையங்கோட்டையிலிருந்து அம்மா வந்திருந்தார். விரதமும் விடமாட்டார், சுகர் மாத்திரையும் விடமாட்டார். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் என்ன ஆகும்? ராத்திரி பாத்ரூம் வாசலில் தடால் என்று விழுந்துவிட்டார். பேச்சு குழறியது, உடம்பெல்லாம் வேர்வை. நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்தேன், ஆனால் 911 அடிக்கவில்லை. மெயிலில் அம்மாவின் விசிட்டர் இன்சூரன்ஸ் பிடிஎஃப்பைத் தேடினேன். அம்மா தரையில் கிடக்க, "டிடக்டிபிள்" என்ற சொல்லை, அதாவது இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையை, தேடிக்கொண்டிருந்தேன். என் கணவர் "ஊபர் போடவா?" என்று கேட்டார். இரண்டு பேரும் படித்தவர்கள்தான். நான்கு நிமிடம் போனது. அப்புறம்தான் கூப்பிட்டேன்.

அந்த நான்கு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவே. விழுந்து கிடக்கிறவரிடம் காசு கேட்டால், பக்கத்தில் நிற்கிறவர் தயங்குவார். இவ்வளவுதான் என் வாதம்.

நான்கு பேர் வந்தார்கள். கனத்த பூட்ஸோடு பூஜை அலமாரியைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் மண்டி போட்டு அம்மா விரலில் குத்தி சுகர் பார்த்தார். 48. ட்யூபிலிருந்து சர்க்கரைப் பசையைப் பிதுக்கி வாயில் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்குத் தெளிந்தது. ஜன்னல் வழியாக வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு முதல் வார்த்தையாக, "ஏட்டி, தீ எங்க புடிச்சிருக்கு? அடுப்பை அணைச்சிட்டேனே!" என்றார். அடுத்த கேள்வி, "அந்தப் பசையில முட்டை கிட்டை இருக்காதே?"

அருமையான மனிதர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபம் இல்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் "தீயணைப்பு வீரர்களை அவமதிக்கிறார்" என்று ஒருவர் வருவார் பாருங்கள்.

அம்மா கேட்ட கேள்வி நியாயமானதுதான். மயக்கத்துக்கு எதற்குத் தீயணைப்பு வண்டி? 1960கள் வரை இந்த நாட்டில் பல ஊர்களில் ஈமச்சடங்கு நடத்துகிறவர்களின் வண்டிதான் ஆம்புலன்ஸ். படுக்க வைக்கிற அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தானே இருந்தது! 1966இல் தேசிய அறிவியல் கழகம் இந்த லட்சணத்தை அறிக்கையாகவே போட்டு உடைத்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே அவசர சிகிச்சை கொடுக்கப் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகளுக்காக கலிபோர்னியாவில் 1970இல் சட்டம் வந்தது. பேட்டைக்குப் பேட்டை தீயணைப்பு நிலையம் இருக்கிறது, 24 மணி நேரமும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள், அவர்களுக்கே பயிற்சி கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். நல்ல யோசனை. இன்றைக்கு அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு வருகிற அழைப்புகளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ அழைப்புகள்தான்.

அதாவது நாம் காசு கொடுப்பது அவர்கள் வருவதற்கு மட்டும் இல்லை, காத்திருப்பதற்கு. யாரும் கூப்பிடாத ராத்திரியிலும் அந்த நான்கு பேர் அங்கே இருக்கிறார்கள். மைக் பிடித்த அண்ணாச்சி நிம்மதியாகத் தூங்குகிற ராத்திரியில் அவருக்காகவும்தான் இருக்கிறார்கள். ஊருக்கே காவல் இருக்கிற செலவை, அன்றைக்கு விழுந்தவர் தலையில் மட்டும் கட்டுவது என்ன கணக்கு?

"அப்போ காசுக்கு நகரம் எங்கே போகும்?" கேட்பீர்கள். 1978இல் கலிபோர்னியா வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த 13ஆம் முன்மொழிவு என்ற சட்டம் சொத்து வரியை 1 சதவீதத்தில் கட்டிப்போட்டது. வீட்டின் வரி மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. தீயணைப்புக்கென்று தனியாக வரி போடலாம் என்று மன்றம் நினைத்தால், மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் சம்மதிக்க வேண்டும். கட்டணம் என்றால் அந்தத் தொல்லை இல்லை, மன்றமே கை தூக்கி முடித்துவிடலாம். நியாயம் என்று தேர்ந்தெடுத்த வழி இல்லை இது, சுலபம் என்று எடுத்த வழி. பட்ஜெட்டில் ஓட்டை இருப்பது எனக்கும் தெரியும். அந்த ஓட்டையை அடைக்க என் அம்மா பாத்ரூம் வாசலில் விழ வேண்டுமா?

"இன்சூரன்ஸ்தானே கட்டுது?" இதைச் சொல்கிறவர்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர், ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனால்தான் பணம் கொடுக்கும். வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போனால் கிடையாது. இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் இல்லாதவர்கள் நீட்டுகிற பில்லைத் தடுக்க 2022இல் அமலுக்கு வந்த மத்திய அரசின் எதிர்பாராத பில் தடைச் சட்டம் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைச் சேர்த்தது, தரையில் ஓடுகிறதை விட்டுவிட்டது. கலிபோர்னியா 2024 ஜனவரியிலிருந்து அதற்குத் தனிச் சட்டம் போட்டது, சந்தோஷம். ஆனால் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கிற பெரிய கம்பெனிகளின் திட்டங்களுக்கு அது பொருந்தாது. நம் ஐடி மக்களே, உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

"சும்மா கொடுத்தால் பல்வலிக்கெல்லாம் கூப்பிடுவாங்க." கூப்பிடுகிறார்கள்தான். அதற்காக நெஞ்சுவலிக்காரரைத் தயங்க வைக்கலாமா?

"ஆண்டுச் சந்தா வைக்கலாமே?" இதே கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் பீச் நகரத்தில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அப்படி ஒரு திட்டம் உண்டு. தலைக்கு ஒரு பில்லை விட எவ்வளவோ தேவலை. ஆனால் சந்தா எந்த ஊரில் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? டென்னசியில் ஓபியன் கவுண்ட்டி, 2010 செப்டம்பர். ஊருக்கு வெளியே இருப்பவர்கள் பக்கத்து நகரத்தின் தீயணைப்புக்கு ஆண்டுக்கு 75 டாலர் கட்ட வேண்டியிருந்தது. ஒரு குடும்பம் கட்டவில்லை. வீடு எரிந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். வண்டி வந்தது, காசு கட்டிய பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டது. அந்த வீட்டை எரியவிட்டது. உள்ளே வளர்ப்பு நாய்கள் இருந்தன. கட்டாதவனுக்கு நான் ஏன் கட்டணும் என்பதைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போனால் போய்ச் சேருகிற இடம் அதுதான்.

டிசம்பரில் கடிதம் வந்தது. அனுப்பியது வேறு மாநிலத்து பில்லிங் கம்பெனி. 412 டாலர். இன்சூரன்ஸ் டிடக்டிபிளைக் காட்டிக் கை விரித்தது. கஷ்டப்படுகிறவர்களுக்குத் தள்ளுபடி உண்டாம், கஷ்டத்தை நிரூபிக்கப் படிவமும் இணைத்திருந்தார்கள். நான் மறைக்கத்தான் பார்த்தேன். அம்மா கேட்டார், சொன்னேன். விரலை மடக்கி ரூபாயாக்கினார். "முப்பத்தஞ்சாயிரமா? சுகர் பாக்கவா? ஊர்ல 108 வந்தா ஒரு டீக்காசு கூட வாங்க மாட்டான்." அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஜனவரியில் படுக்கையைத் தட்டும்போது தலையணைக்கடியில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா கிடைத்தது. உள்ளே சர்க்கரை, ஒரு ஸ்பூன். இரண்டு ராத்திரி தலை சுற்றியிருக்கிறது. எங்களை எழுப்பவில்லை. தானே எழுந்து உட்கார்ந்து, இருட்டில் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். "எழுப்பினா நீ அவங்களைக் கூப்பிட்டுருவியே" என்றார்.

இதைத்தான் புதன்கிழமை சுருக்கமாக எழுதினேன். அதன்கீழே ஒருவர், "விசிட்டர் விசாவில் வந்தவங்க என்ன வரி கட்டினாங்க, இலவசமா எதிர்பார்க்க?" என்று போட்டார். பதினேழு லைக். எண்ணினேன். பதினான்கு வருஷமாக வரி கட்டுகிறவள் நான், என் வீட்டுக்குள்தான் அவர் விழுந்தார் என்று பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, விட்டுவிட்டேன்.

இந்தப் பதிவிலும் விசா பற்றி எழுதப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு தகவல். நான் எழுதுவதையெல்லாம் அம்மா கீழே கமெண்ட் வரைக்கும் ஒன்று விடாமல் படிப்பார். புதன்கிழமை உங்களுடையதையும் படித்தார்.